ஸ்கேர்கார்ட்: உள்ள வந்தது என்ன மாக்மா?

பெட்ராலஜி (பாறைகளைப் பத்தின படிப்பு) படிச்ச யார்கிட்டயாவது ஸ்கேர்கார்ட்னு, கிரீன்லாந்துல மாக்மா, அதாவது உருகின பாறைக்குழம்பு, பூமிக்குள்ளேயே அடுக்கடுக்கா உறைஞ்ச பாறைத் தொகுதியோட பேரைச் சொல்லிப் பாருங்க, உடனே அந்தக் குறுக்குவெட்டுப் படம் ஞாபகத்துக்கு வந்துடும், லோயர் ஜோன், மிடில் ஜோன், அப்பர் ஜோன்னு வரிசையா ஒப்பிப்பாங்க. ஆனா சரி, இந்த அடுக்கெல்லாம் படியறதுக்கு முன்னாடி, மொத்தமும் குழம்பா உள்ள வந்தப்போ அதோட கெமிஸ்ட்ரி என்னன்னு கேட்டா பேச்சு கொஞ்சம் இழுக்கும். 1930கள்ல இருந்து பிரிச்சு மேஞ்ச பாறை, அதுக்கே எல்லாரும் ஒத்துக்குற ஒரே பதில் கிடையாது. ஒரு டேபிள்ல மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்ஸைடு) எட்டரை சதவீதம்னு இருக்கும், இன்னொண்ணுல ஆறு பக்கம் இருக்கும். ரெண்டரை சதவீதம்தானே, போகட்டும்னு தோணும். அந்த ரெண்டரைதான் இங்க பாதிச் சண்டைக்குக் காரணம்.

இடத்தை முதல்ல சொல்லிடுறேன். கிரீன்லாந்தோட கிழக்குக் கரை, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல, காங்கர்லுசுவாக் ஃபியோர்டு பக்கம். வட அட்லாண்டிக் பிளந்து திறக்க ஆரம்பிச்ச சமயம், சுமார் 5.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கீழ சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின பழைய நைஸ் பாறை, மேல லாவாவா கொட்டி உறைஞ்சு கிடந்த பசால்ட் அடுக்குகள், இந்த ரெண்டுக்கும் நடுவுல மாக்மா புகுந்து ஒரு பெரிய அறையை நிரப்பிச்சு. மேப்புல பார்த்தா நீளம் 11 கிலோமீட்டர் பக்கம், அகலம் ஏழு எட்டு கிலோமீட்டர், கனம் அதிகபட்சம் நாலு கிலோமீட்டர் அளவுக்கு. அப்புறம் கரையோரம் மொத்தமா தெற்குப் பக்கமா சாஞ்சதால இன்னைக்கு வடக்குல இருந்து தெற்கா நடந்தா அறையோட அடியில இருந்து கூரை வரைக்கும் போயிடலாம். இப்படி ஒரு வசதி எந்த ஜியாலஜிஸ்டுக்கும் லேசுல அமையாது.

1930ல கப்பல்ல போகும்போது இதை முதல்ல கவனிச்சவர் பிரிட்டிஷ் ஜியாலஜிஸ்ட் லாரன்ஸ் வேகர். (இவரேதான் 1933ல எவரெஸ்ட்ல ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாம கிட்டத்தட்ட 8,570 மீட்டர் வரைக்கும் ஏறினவர், அது தனிக் கதை.) 1935-36ல டியர்ங்கற இன்னொரு ஜியாலஜிஸ்டோட சேர்ந்து குளிர்காலத்தையும் அங்கேயே கழிச்சு மேப் போட்டு, 1939ல ரெண்டு பேரும் எழுதின பெரிய அறிக்கைதான் இன்னைக்கும் ஆரம்பப் புள்ளி. அவங்க சொன்னதுல ரொம்ப முக்கியமானது என்னன்னா, மாக்மா ஒரே தடவைல வந்து நிரம்பிச்சு, அதுக்கப்புறம் புதுசா எதுவும் வரல, எதுவும் பெருசா வெளிய போகல, மூடின அறைக்குள்ளேயே ஆறி உறைஞ்சிருக்குங்கறது. தரையில இருந்து மேல வளர்ந்தது லேயர்டு சீரிஸ், கூரையில இருந்து கீழ வளர்ந்தது அப்பர் பார்டர் சீரிஸ், சுவர்ல இருந்து உள்பக்கமா வளர்ந்தது மார்ஜினல் பார்டர் சீரிஸ், தரையும் கூரையும் கடைசியா சந்திச்ச இடத்துக்குப் பேரு சாண்ட்விச் ஹொரைசன்.

கிட்ட போய் ஒரு அடுக்கைப் பார்த்தா, அடியில கறுப்பா இரும்பு-மெக்னீசியம் கனிமங்களான ஒலிவின், பைராக்ஸீன், கூட இரும்பு ஆக்ஸைடு நெருக்கமா இருக்கும், மேல போகப்போக வெளுத்து ப்ளேஜியோகிளேஸ் (அலுமினியம், கால்சியம், சோடியம் உள்ள வெளிர் கனிமம்) கூடிட்டே வரும், திடீர்னு அடுத்த அடுக்கோட கறுப்பு ஆரம்பிக்கும். கண்ணுக்கு இதுதான் அழகு. ஆனா நம்ம கேள்விக்கு முக்கியம் கண்ணுக்குத் தெரியாத மாற்றம். லோயர் ஜோனோட அடியில ஒலிவின்ல ஃபோர்ஸ்டரைட், அதாவது மெக்னீசிய ஒலிவின், பங்கு 68 சதவீதம் பக்கம் இருக்கும். மிடில் ஜோன்ல ஒலிவினே காணாமப் போகும், அப்பர் ஜோன்ல திரும்ப வரும்போது இரும்பு ஏறி ஏறி கடைசியில கிட்டத்தட்ட சுத்த ஃபயலைட்டா (இரும்பு ஒலிவின்) நிக்கும். லோயர் ஜோன் முடியறதுக்குள்ள இரும்பு ஆக்ஸைடு கனிமங்களான மேக்னடைட்டும் இல்மனைட்டும் வந்துடும், அப்பர் ஜோன் நடுவுல பாஸ்பரஸ் கனிமமான அபடைட் வரும். ஒரே தொட்டி மாக்மா தன்னைத்தானே வடிகட்டிக்கிட்டே போனதோட ரெக்கார்டு இது.

அப்போ ஆரம்ப மாக்மாவைக் கண்டுபிடிக்கிறது ஒரு கடையோட ஓப்பனிங் பேலன்ஸைக் கண்டுபிடிக்கிற வேலை. எல்லாப் பக்கமும் கையில இருந்தா வரவு செலவைக் கூட்டிக் கழிச்சு எடுத்துடலாம். இங்க முதல் சில பக்கம் கிழிஞ்சு போயிருக்கு, எத்தனை பக்கம்னு தெரியாது. லேயர்டு சீரிஸோட அடி வெளியில தெரியறதில்ல, நாம பார்க்கிற ரொம்பக் கீழ் பாறைக்கும் கீழ எவ்ளோ இருக்குங்கறது ஊகம். அதுக்கு வேகர் வெச்ச பேரு ஹிடன் ஜோன்.

வேகர் இந்தச் சிக்கலைத் தாண்டப் போன வழி சில்டு மார்ஜின். சூடான மாக்மா குளிர்ந்த சுவர்ல பட்டதும் சட்டுனு உறையும், படிகம் பெருசா வளரவோ பிரியவோ நேரம் கிடைக்காது, அதனால அந்த விளிம்புல இருக்கிற நுண்மணிப் பாறைதான் மாறாம நிக்கிற ஆரம்ப மாக்மா. கேக்கவே நல்லா இருக்குல்ல? ஒரு கல்லை உடைச்சு அனலைஸ் பண்ணா முடிஞ்சுது. அப்படித்தான் ஈஜி 4507ங்கற சாம்பிள் பிரபலமாச்சு. சிலிக்கா சுமார் 48 சதவீதம், அலுமினா 17க்கு மேல, மெக்னீசியா எட்டரைக்குக் கொஞ்சம் மேல, ஃபெரஸ் இரும்பு (FeO ஆக்ஸைடா) எட்டரைக்குக் கொஞ்சம் கீழ, டைட்டேனியா (டைட்டேனியம் ஆக்ஸைடு) ஒண்ணே கால் கூட இல்ல. படிகம் பிரிஞ்சு ரொம்ப மாறிப் போகாத, சாதுவான பசால்ட்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு, பேப்பர் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒலிவினும் திரவமும் பக்கத்துல பக்கத்துல சமநிலைல இருந்தா, ஒலிவின்ல இருக்கிற இரும்பு-மெக்னீசியம் விகிதம் திரவத்துல இருக்கிறதோட சுமார் 0.3 மடங்கு. 1970ல ரோடரும் எம்ஸ்லியும் சோதனை பண்ணிக் காட்டினது, இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் முதல்ல எடுக்கிற சுத்தியல் இதுதான். ஈஜி 4507ல எடையை மோலா, அதாவது அணு எண்ணிக்கைக் கணக்கா மாத்தினா இரும்பு 0.117, மெக்னீசியம் 0.214, விகிதம் 0.55. அதை 0.3ஆல பெருக்கினா 0.165. அப்படின்னா ஒரு பங்கு மெக்னீசியத்துக்கு 0.165 பங்கு இரும்பு, 1ஐ 1.165ஆல வகுத்தா முதல்ல விழுற ஒலிவின்ல ஃபோர்ஸ்டரைட் 85, 86 சதவீதம் இருக்கணும். ஆனா தரையில நாம பார்க்கிற முதல் ஒலிவின் 68. இந்த இடைவெளி சின்னது இல்லீங்க. 86ல இருந்து 68க்கு வர்றதுக்குள்ள ஏகப்பட்ட படிகம் விழுந்திருக்கணும், அதெல்லாம் எங்க? ஹிடன் ஜோன்ல. எவ்ளோ? வேகரோட கணக்குல மொத்தத் தொகுதியில 60ல இருந்து 70 சதவீதம்.

இந்த இடத்துலதான் எனக்கு எப்பவும் நெருடும். ஆரம்ப மாக்மா இதுன்னு முடிவு பண்ணதால மறைஞ்ச பகுதி இவ்ளோன்னு வருது, மறைஞ்ச பகுதி இவ்ளோ இருக்கிறதால தெரியுற பாறைகளோட சராசரி அந்த ஆரம்ப மாக்மாவோட ஒத்துப் போகலன்னாலும் பரவால்லன்னு ஆயிடுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாங்கிட்டு நிக்குது, வெளியில இருந்து எந்த முட்டும் கிடையாது. வேகர் மேல குத்தம் சொல்ல முடியாது, அவர் கையில இருந்த டேட்டாவுக்கு அது நியாயமான வாதம். ஆனா அடுத்த தலைமுறை பாடப் புத்தகங்கள்ல அது வாதமா இல்லாம உண்மையா உக்காந்துடுச்சு.

விளைவு சாதாரணமா போகல. அந்தக் காலத்துல பெட்ராலஜில பெரிய பஞ்சாயத்து ஓடிட்டு இருந்துச்சு. பசால்ட் மாக்மா படிகம் பிரிஞ்சு மாறும்போது சிலிக்கா ஏறும்னு போவன் கட்சி, இல்ல இரும்புதான் ஏறும்னு ஃபென்னர் கட்சி. வேகர் தன்னோட ஆரம்பப் புள்ளியில இருந்து ஜோன் ஜோனா கழிச்சுக்கிட்டே போய் மிச்ச திரவத்தைக் கணக்குப் போட்டப்போ சிலிக்கா பெருசா அசையாம இரும்பு மட்டும் எகிறிட்டே போச்சு, கடைசிக் கட்டத்துலதான் சிலிக்கா ஏறிச்சு. ஃபென்னர் ஜெயிச்ச மாதிரி ஆச்சு, அந்தப் பாதைக்கே ஸ்கேர்கார்ட் ட்ரெண்ட்னு பேரு வந்துச்சு. கழிக்கிற கணக்குல ஆரம்ப எண் தப்பா இருந்தா கடைசி எண்ணுல அந்தத் தப்பு பல மடங்காத் தெரியும், ஏன்னா 90 சதவீதத்தைக் கழிச்சிட்டு மிச்சம் 10ஐப் பார்க்கிறோம். ஆரம்பத்துல ஒரு சதவீதம் இடறினா அந்தப் பத்துல அது பத்து சதவீதம். 1987ல ஹன்டரும் ஸ்பார்க்ஸும் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, மேக்னடைட் விழ ஆரம்பிச்சதும் இரும்பு குறைஞ்சு சிலிக்கா ஏறியிருக்கணும்னு சொன்னாங்க, 1990ல பல பேர் சேர்ந்து பதில் எழுதினாங்க, அந்தப் பதில்களைப் படிச்சா கோபம் கூட வரிகளுக்கு நடுவுல தெரியும்.

சில்டு மார்ஜின் மேல எனக்கு ஏன் நம்பிக்கை இல்லன்னு சொல்றேன். விளிம்புங்கறது மாக்மா பக்கத்துப் பாறையைத் தொட்ட இடம். ஸ்கேர்கார்ட்ல அந்தப் பக்கத்துப் பாறை பல இடத்துல நைஸ், சிலிக்காவும் பொட்டாசியமும் கூடினது, சூடு பட்டதும் உருகிக் கசியும். 1989ல ஹூவர் அந்த விளிம்புப் பாறைகளை ஒவ்வொரு இடமா அலசினப்போ, இடத்துக்கு இடம் கெமிஸ்ட்ரி மாறுது, சிலதுல நைஸ் கலந்திருக்கு, சிலதுல படிகம் சேர்ந்திருக்கு, வேகர் பயன்படுத்துன சாம்பிள் உண்மையான திரவத்தைக் காட்டலங்கறது தெளிவாச்சு. ஈஜி 4507ல அலுமினா அவ்ளோ தூக்கலா இருக்கிறதுக்கு ப்ளேஜியோகிளேஸ் படிகம் கூடச் சேர்ந்திருக்கிறது ஒரு எளிமையான விளக்கம். சரி, இதெல்லாம் இல்லாத சுத்தமான விளிம்பே கிடைச்சாலும் அது எதைச் சொல்லும்? முதல் முதல்ல வந்து சுவர்ல ஒட்டின மாக்மாவை. பின்னாடி வந்து அறையை நிரப்பின நூத்துக்கணக்கான கன கிலோமீட்டரும் அதே சரக்குதான்னு யார் உத்தரவாதம் குடுத்தா?

அதனால எதிர்ப் பக்கத்துல இருந்து வர்ற வழி. எல்லா ஜோனோட சராசரியையும், அதது எவ்ளோ கனஅளவுங்கற எடை போட்டுக் கூட்டுங்க. மூடின அறை, எதுவும் வெளிய போகலன்னா கூட்டுத்தொகைதான் ஆரம்ப மாக்மா. அடிப்படைக் கூட்டல்தான், ஆனா கனஅளவு சரியா தெரியணும். 1970கள்ல வந்த கிராவிட்டி சர்வே வேலை, அடியில அவ்ளோ பெரிய ஹிடன் ஜோனுக்கு இடமே இல்லன்னு காட்டிச்சு. இந்தத் தொகுதியோட பாறையான கேப்ரோ (பசால்ட் மாக்மா ஆழத்துல மெதுவா உறைஞ்சது) சுத்தியிருக்கிற நைஸை விட அடர்த்தி கூட, அடியில இன்னும் பல கிலோமீட்டர் கேப்ரோ இருந்தா புவியீர்ப்பு மீட்டர்ல அது தெரிஞ்சே ஆகணும். 2004ல நீல்சன் மேப், போர்ஹோல், ஜியோஃபிஸிக்ஸ் எல்லாத்தையும் வெச்சு வடிவத்தை முப்பரிமாணத்துல கட்டினார், மொத்தம் சுமார் 280 கன கிலோமீட்டர். (இந்த போர்ஹோல் பலதுக்கும் காரணம் மிடில் ஜோன் மேல்பக்கத்துல கண்டுபிடிச்ச தங்கமும் பல்லேடியமும், பிளாட்டினோவா ரீஃப்னு பேரு. காசு வாசனை வந்தாதான் ஆர்க்டிக்ல துளை போட ஆள் வரும்.) அவர் கூட்டிக் காட்டின மொத்தக் கலவை வேகரோடதை விட இரும்பும் டைட்டேனியமும் நல்லா தூக்கலான பசால்ட், அதே வட்டாரத்துல அதே காலத்துல வெளிய கொட்டின கெய்கி பீடபூமி லாவாக்கள் வகை.

இது எனக்குப் பிடிச்ச இடம், ஏன்னா இங்கதான் வெளியில இருந்து ஒரு முட்டு கிடைக்குது. ஆரம்ப மாக்மா இரும்புப் பசால்ட்னா முன்ன போட்ட அதே ஒலிவின் கணக்கைத் திருப்பிப் போடுங்க. உதாரணத்துக்கு மெக்னீசியா 6, ஃபெரஸ் இரும்பு 13னு வெச்சுக்கோங்க. விகிதம் 1.2 சொச்சம், 0.3ஆல பெருக்கினா 0.36, ஃபோர்ஸ்டரைட் 73. 86 எங்க, 73 எங்க! 68க்கும் 73க்கும் நடுவுல இருக்கிற மிச்ச அஞ்சுக்கு ராட்சச ஹிடன் ஜோன் எதுவும் வேண்டாம், தின் செக்ஷனை (ஒளி புகுற அளவுக்கு மெல்லிசாத் தேய்ச்ச பாறைத் துண்டு) மைக்ராஸ்கோப்புல வெச்சாலே காரணம் தெரியும்.

லோயர் ஜோன் பாறையோட ஒரு தின் செக்ஷனைக் குறுக்கு நிக்கோல்ல, அதாவது குறுக்கா வெச்ச ரெண்டு ஒளி வடிகட்டிக்கு நடுவுல பாருங்க. ப்ளேஜியோகிளேஸ் பட்டைகள் கறுப்பும் வெளுப்புமா கோடு கோடா இருக்கும், நடுப்பகுதி ஒரே சீரா இருண்டு அணையும், ஆனா மைக்ராஸ்கோப் மேடையைச் சுத்தச் சுத்த விளிம்புல மெல்லிசா ஒரு வளையம் வேற கோணத்துல அணையும். அந்த வளையம் சோடியம் கூடினது. படிகங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட திரவம், மேல இருக்கிற பெரிய மாக்மாவோட தொடர்பு அறுந்து, அங்கேயே ஆறி, இருக்கிற படிகம் மேலேயே பூசிக்கிட்டது. ப்ளேஜியோகிளேஸ் மெதுவா மாறுற கனிமம், அதனால வளையம் அப்படியே நிக்குது. ஒலிவின் அப்படி இல்ல, உள்ள இருக்கிற இரும்பும் மெக்னீசியமும் சீக்கிரமா இடம் மாறிக்கும், மாட்டிக்கிட்ட திரவத்தோட இரும்பை வாங்கி மொத்த மணியும் ஒரே சீரா இரும்பு கூடிப் போயிடும், வளையம் எதுவும் தெரியாது. முதல்ல 73ஆ விழுந்தது நம்ம கைக்கு 68ஆ வரும். இந்த ட்ராப்டு லிக்விட் ஷிஃப்டை 1986ல பார்ன்ஸ் கணக்கா எழுதி வெச்சார், அதுக்கப்புறமும் ஒலிவின் நம்பரை அப்படியே திரவமா மாத்தி டேபிள் போடுற பேப்பர் வந்துட்டேதான் இருக்கு, அதைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சலாத்தான் வரும்.

சரி எவ்ளோ திரவம் மாட்டிக்கிச்சு? அதுக்கு பாஸ்பரஸ் நல்ல சாட்சி. அபடைட் வர்ற வரைக்கும் எந்தக் கனிமமும் பாஸ்பரஸைச் சேர்த்துக்காது, ஆக லோயர் ஜோன் பாறையில இருக்கிற பாஸ்பரஸ் மொத்தமும் மாட்டின திரவத்தோடது. பாறையில 0.05 சதவீதம், அப்போதைய திரவத்துல 0.2ன்னா நாலுல ஒரு பங்கு திரவம். இதே மாதிரி படிகத்துல ஒட்டாம திரவத்துலயே தங்குற தனிமங்களை வெச்சு 2009ல டெக்னரும் கூட்டாளிகளும் போட்ட கணக்குல லோயர் ஜோன் அடியில மாட்டின திரவம் கிட்டத்தட்ட பாதி வரைக்கும் போகுது, அப்பர் ஜோன் வர்றதுக்குள்ள சில சதவீதமா சுருங்கிடுது. ஆனா ஒரு நிமிஷம், அந்த 0.2 எங்கிருந்து வந்துச்சு? நாம எடுத்துக்கிட்ட ஆரம்ப மாக்மால இருந்து. ஈஜி 4507ல பாஸ்பரஸ் 0.1 பக்கம்தான், அதை எடுத்துக்கிட்டா அதே பாறை, அதே 0.05, திடீர்னு பாதி திரவம் ஆயிடும். எங்க சுத்தினாலும் அதே சுவர்ல வந்துதான் முட்டுறோம். அதனாலதான் ஒரே ஒரு தனிமத்தை நம்பாம பாஸ்பரஸ், சிர்கோனியம், ருபிடியம்னு பலதை ஒரே நேரத்துல ஒத்துப் போக வைக்கிறாங்க.

மத்த வழிகளைச் சுருக்கமா சொல்லிடலாம். பக்கத்துல இருக்கிற அதே காலத்து டைக்குகளை (விரிசல்ல மாக்மா புகுந்து சுவர் மாதிரி உறைஞ்சது) எடுத்து இதுதான் ஆரம்பத் திரவம்னு சொல்றவங்க இருக்காங்க, உறவு நிரூபிக்கிறதுதான் கஷ்டம். சோதனைக்கூடத்துல ஒரு கலவையை உருக்கி ஆறவெச்சு, ஸ்கேர்கார்ட்ல வர்ற அதே வரிசைல கனிமம் வருதான்னு பார்க்கிறது இன்னொண்ணு, 1995ல டாப்லிஸும் காரோலும் இரும்புப் பசால்ட்ல செஞ்சது நல்ல உதாரணம், ஆக்ஸிஜன் கொஞ்சம் கூடக் குறைய ஆனாலே மேக்னடைட் வர்ற நேரம் தள்ளிப் போயிடுது, இரும்புப் பாதையும் மாறிடுதுன்னு காட்டினாங்க. ரஷ்யக்காரங்க வளர்த்த ஜியோகெமிக்கல் தெர்மாமெட்ரி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே மட்டத்துல இருந்து திரவம் கூடின பாறை ஒண்ணு, படிகம் கூடின பாறை ஒண்ணு எடுத்துக்கோங்க, ரெண்டையும் கம்ப்யூட்டர்ல உருக்கி ஆறவிடுங்க, ரெண்டோட திரவப் பாதைகளும் எந்த வெப்பநிலையில வெட்டிக்குதோ அதுதான் ரெண்டும் பங்கு போட்டுக்கிட்ட திரவம். அரிஸ்கின் இதை ஸ்கேர்கார்டுக்குப் போட்டப்போ 1150 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்துச்சு, கிடைச்ச திரவமும் இரும்புப் பசால்ட் பக்கம்தான் சாயுது. இங்க ஒண்ணு மறக்கக் கூடாது, அது திரவத்தை மட்டும்தான் சொல்லும். உள்ள வந்த மாக்மா ஏற்கெனவே கொஞ்சம் படிகத்தைச் சுமந்துட்டு வந்திருந்தா, மொத்த மாக்மாவும் அந்தத் திரவமும் ஒண்ணு இல்ல. பேப்பர்ல ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுறாங்க.

கணக்கோட மறுமுனையிலயும் ஓட்டை இருக்கு. 2005ல அப்பர் ஜோன் அபடைட்டுக்குள்ள சிறைப்பட்ட துளிகளைப் பார்த்தா, ரெண்டு வகை உருகல், ஒண்ணு இரும்பு கூடினது, இன்னொண்ணு சிலிக்கா கூடினது, எண்ணெயும் தண்ணியும் போல பிரிஞ்சு நிக்குது. அப்படின்னா கடைசிக் கட்டத்துல மிச்சத் திரவம்னு ஒரே ஒண்ணு கிடையாது, லேசான சிலிக்காத் திரவம் மேல ஏறி கிரானோஃபயர்களா (சிலிக்கா கூடின பாறை) எங்கயோ போயிருக்கலாம். கூரைப் பகுதியை அரிப்பு வேற தின்னுடுச்சு. கூட்டல்ல சிலிக்காவும் பொட்டாசியமும் கொஞ்சம் குறைவா வர வாய்ப்பு இருக்கு, இரும்பு, டைட்டேனியம் அவ்ளோவா பாதிக்காது.

இவ்ளோ சிக்கலும் ஒரே தடவை நிரம்பின, உருமாற்றம் எதுவும் படாத, முழுசாச் சாஞ்சு காட்டுற தொகுதிக்கு. தென்னாப்பிரிக்காவோட புஷ்வெல்டுங்கற பெரிய அடுக்குத் தொகுதிக்குப் போனா 206 கோடி வருஷப் பழசு, மாக்மா திரும்பத் திரும்ப வந்திருக்கு, விளிம்புல இருக்கிற ‘சில்’ங்கற படுத்த மாக்மாத் தகடுகள்லேயே பி1, பி2, பி3ன்னு மூணு வகை, அதுல பி1 சிலிக்கா, மெக்னீசியம் ரெண்டுமே தூக்கலானது. அங்க இருக்கிற குரோமைட் அடுக்குகள்ல உள்ள குரோமியத்தை எல்லாம் கூட்டினா, தெரியுற பாறைகளுக்குத் தேவையான மாக்மால அவ்ளோ குரோமியம் இருந்திருக்கவே முடியாது, மிச்ச மாக்மா எங்கயோ ஓடிப் போயிருக்கணும். கூட்டல் வழி அங்க செல்லாது. நம்ம நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி அனார்த்தொசைட்டும் (பெரும்பகுதி ப்ளேஜியோகிளேஸ் ஆன பாறை) இதே வகை அடுக்குத் தொகுதிதான், சந்திரயான் 2க்கு நிலா மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ இந்தப் பாறையைத்தான் எடுத்துச்சு. ஆனா சுமார் 250 கோடி வருஷப் பழசு, ஆழத்துல புதைஞ்சு வெந்து, பைராக்ஸீன் இருந்த இடத்துல ஆம்ஃபிபோல்ங்கற வேற கனிமம் நிக்குது, சில்டு மார்ஜின்னு காட்ட எதுவும் கிடையாது. குரோமைட்டோட கெமிஸ்ட்ரில இருந்து மாக்மாவைத் திருப்பி எடுக்கப் பார்க்கிறாங்க, அந்தக் குரோமைட்டும் வெந்தப்போ பக்கத்துக் கனிமத்தோட இரும்பு-மெக்னீசியத்தை மாத்திக்கிட்டது. ரொம்பக் கால்சியம் கூடின ப்ளேஜியோகிளேஸ் இருக்கிறதை வெச்சு தண்ணி கலந்த மாக்மான்னு சொல்ற வாதம் எனக்கு ஏத்துக்கிற மாதிரி இருக்கு, அதுக்கு மேல தசம புள்ளியோட ஒரு கலவை டேபிள் போட்டா நான் நம்ப மாட்டேன்.

ஸ்கேர்கார்டுக்கு இன்னைக்கு ஒரு மாடல் ஓட்டணும்னு என்கிட்ட யாராவது கேட்டா நீல்சனோட கூட்டுத்தொகையைத்தான் ஆரம்பமா எடுக்கச் சொல்வேன். சிலிக்காவுலயும் பொட்டாசியத்துலயும் கொஞ்சம் இழுபறி வெச்சு நாலஞ்சு தடவை ஓட்டணும், ஒலிவின் நம்பரைக் கடைசியில சரிபார்க்க மட்டும் வெச்சுக்கணும், ஈஜி 4507 பக்கம் போகவே வேண்டாம். அந்த அடி ஹிடன் ஜோன் மெல்லிசா ஒண்ணு இருக்கத்தான் செய்யும், அதுக்குள்ள ஒரு துளை ஆழமா இறங்கி நைஸைத் தொட்டு நிக்கிற வரைக்கும் மெக்னீசியா ஆறா ஆறரையாங்கறதை வெச்சு இன்னும் பல பேப்பர் வரும்.